அம்மாவின் தாலாட்டை நிறுத்திய நாள்



அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, சகோதரர்களே! கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால் நம் ஏற்காடு எப்படி மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். பத்து நாளில் எஸ்டேட் முழுக்க காபிப் பூ. மல்லிகை போல வாசம். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்தும் விடும். அந்த வாசம் வரும்போதெல்லாம் எனக்கு என் தாயார் நினைவு வரும். கூடவே நான் செய்த ஒரு தவறும் நினைவு வரும்.

அரபிக் கல்லூரியில் பட்டம் வாங்கி வந்த புதிது. அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தார். அம்மா தூளியை ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடினார்கள். நபிமார்களின் பெயரும், எங்கள் குடும்பத்துப் பெரியவர்களின் பெயரும், காபிக் கொட்டை காயப்போட்ட களமும் அந்தப் பாட்டில் வரும். நான் உள்ளே வந்து, "என்னம்மா இது? மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் இருக்கா? நிறுத்துங்க" என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "சரிப்பா, நீ படிச்சவன்" என்றார்கள். அவ்வளவுதான். அதன்பிறகு அவர்கள் பாடி நான் கேட்டதேயில்லை.

சகோதரர்களே! அன்று என்னிடம் இருந்தது இல்மா, பெருமையா?

நாம் காலையில் குடிக்கும் காபியையே எடுத்துக்கொள்ளுங்கள். எமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரில் கண் அயராமல் இருக்க அதைக் குடித்தார்கள். அந்தப் பானம் மக்காவுக்கு வந்தபோது, 1511-இல் அங்கே அதிகாரியாக இருந்த காயிர் பேக் உலமாக்களைக் கூட்டி அதைத் தடை செய்தார். தடை நிலைக்கவில்லை. பிறகு பாபா புதன் என்ற பெரியார் அரபு நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டதாகச் சொல்வார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் நம் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் ஹராம் என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட அந்தப் பயிரில்தான் இன்று நம்மில் எத்தனையோ பேருடைய ஹலாலான ரிஸ்க் இருக்கிறது.

அப்படியானால் எல்லாமே ஆகுமானதா? இல்லை. ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது; இடையில் உள்ள சந்தேகமானவற்றைத் தவிர்ப்பவர் தன் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்பது நபிமொழியின் கருத்து. பாட்டு விஷயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதும் உண்மை. ஆனால் கவனியுங்கள்: சந்தேகமானதை நான் எனக்காகத் தவிர்ப்பது பேணுதல். அதையே அடுத்தவர் மேல் ஹராம் என்று சுமத்துவது தீர்ப்பு. பேணுதலுக்கு அச்சம் போதும். தீர்ப்புக்கு அறிவு வேண்டும். நாவுக்கு வந்தபடி இது ஹலால், இது ஹராம் என்று அல்லாஹ்வின் பெயரில் பொய் சொல்வதை அந்நஹ்ல் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. ஆகாததை ஆகும் என்பது மட்டுமல்ல, ஆகுமானதை ஆகாது என்பதும் அந்த எச்சரிக்கைக்குள் வரும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே எத்தனையோ கேள்விகளுக்கு "எனக்குத் தெரியாது" என்றார்கள். நான் இருபத்துச் சொச்சம் வயதில் எல்லாம் தெரிந்தவனாக நின்றேன்.

புகாரியில் வரும் சம்பவம் நாம் அறிந்ததுதான். பெருநாள் அன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்த அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தார்கள். நபி (ஸல்) அவர்களோ அச்சிறுமிகளை விட்டுவிடும்படி சொன்னார்கள். இந்த ஹதீஸை நான் கல்லூரியில் ஓதியிருக்கிறேன். பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். தூளி அருகே நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

அம்மா மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் என் இளைய மகள் கேட்டாள்: "அத்தா, நன்னிம்மா நல்லா பாடுவாங்களாமே, என்ன பாட்டு?" எனக்கு இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அக்காவிடம் கேட்டேன். அவருக்கும் பாதிதான் ஞாபகம் இருந்தது. "நீதானே நிறுத்தச் சொன்னே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. தவறுக்குத் தவ்பா செய்யலாம். மன்னிப்புக் கேட்க வேண்டியவரும் இல்லை, பாட்டும் இல்லை என்றால் என்ன செய்வது? அம்மாவுக்காக துஆச் செய்கிறேன். இதை உங்களிடம் சொல்கிறேன்.

இளைஞர்களே! உங்கள் வீட்டில் தாயோ பாட்டியோ ஏதாவது செய்வதைப் பார்த்து மனம் உறுத்தினால், முதலில் உட்காருங்கள். என்ன பாடுகிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு விவரம் அறிந்த ஆலிமிடம் விசாரியுங்கள். ஷிர்க்கோ, வெளிப்படையான பாவமோ இருந்தால் கனிவாக எடுத்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர்களைப் பாட விடுங்கள், முடிந்தால் கற்றுக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோருக்கு ரஹ்மத் செய்வாயாக. நாங்கள் அறியாமல் அவர்களைப் புண்படுத்திய சொற்களை மன்னிப்பாயாக. பயனுள்ள இல்மையும், அதைச் சொல்லும் பணிவையும் தருவாயாக. ஆமீன்.