வெற்றியும் வினைத்தூய்மையும்

தேர்தலில் நின்ற ஒருவர் தவறொன்று இழைக்கின்றார். அதனை இழைக்காதிருப்பினும் அவர் பெருவாரியான வாக்குகளால் வென்றேயிருப்பார். அங்ஙனமாயின் அவ்வெற்றி செல்லுமா, செல்லாதா? முடிவு மாறவில்லையாதலின் பொறுத்துக்கொள்ளலாம் என்பர் ஒரு சாரார். வழி பழுதுபட்டபின் முடிவைப் பற்றிய பேச்சே பொருந்தாது என்பர் மற்றொரு சாரார். இவற்றுள் அறம் எப்பக்கம் நிற்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தேர்தல் எத்துணைப் பழமையானதோ, அத்துணைப் பழமையானது அதனைப் பற்றிய ஐயமும். முதற் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளே இதற்குச் சான்று. நிலமும் கல்வியும் உடையார்க்கே அங்கு இடமிருந்தமையின் அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிட இயலாது. ஆயினும் முறைகேட்டைத் தடுக்க அவர்கள் மேற்கொண்ட கவனம் வியப்பூட்டுவதாகும். குடத்தை அனைவரும் காண உயர்த்திக் காட்டினர். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவனே ஓலையை எடுத்தான். அதனைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என விதித்தனர். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருக்குமோ என்ற ஐயத்திற்கும் இடம் வைத்திலர். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியை இழந்தனர்.

பிற நாட்டு வரலாற்றிலும் முறைகேடுகளுக்குக் குறைவில்லை. லைபீரியாவில் 1927-இல், ஏறத்தாழ 15,000 வாக்காளர்களே இருந்தபோது, சார்லஸ் கிங் 2,43,000 வாக்குகள் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய அப்பட்டமான பொய்யைக் கண்டிக்கப் பேரறிவு வேண்டுவதில்லை. அறிவுக்கு வேலை வைப்பது சிறிய வழுவே.

நம் நாட்டில் அச்சிறிய வழுவே பெரியதொரு வரலாறாயிற்று. 1971-இல் ரேபரேலித் தொகுதியில் திருமதி இந்திரா காந்தி ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். தோற்ற ராஜ் நாராயண் வழக்குத் தொடுத்தார். அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா 1975 ஜூன் 12 அன்று தீர்ப்பளித்தார். குற்றச்சாட்டுகளுள் பலவற்றைத் தள்ளிய அவர், இரண்டினை ஏற்றார். பிரதமரின் செயலகத்தில் பணியிலிருந்த அலுவலர் ஒருவரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது ஒன்று. மேடை அமைக்கவும் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தரவும் மாநில அரசு அலுவலரின் உதவியைப் பெற்றது மற்றொன்று. தேர்தல் செல்லாதெனவும் ஆறாண்டுகள் போட்டியிடலாகாதெனவும் தீர்ப்பாயிற்று.

மேடைக்கும் மின்சாரத்திற்குமா ஒரு பிரதமரின் பதவி என்று பலர் வினவினர். ஆனால் நிகழ்ந்தவற்றை நோக்குக. ஜூன் 25-இல் நெருக்கடி நிலை வந்தது. ஆகஸ்டில் தேர்தல் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. பிரதமரின் தேர்தல் நீதிமன்றத்திற்கு அப்பாற்பட்டதென அரசியலமைப்பும் திருத்தப்பட்டது. நவம்பர் 7-இல் உச்சநீதிமன்றம் அவ்வரசியலமைப்புப் பிரிவைச் செல்லாதாக்கியது. எனினும் திருத்திய தேர்தல் சட்டத்தின்படி வெற்றியை நிலைநிறுத்தியது. சிறியதெனப்பட்ட வழுவைக் காக்கச் சட்டத்தையே மாற்ற நேர்ந்ததெனின், அது உண்மையில் சிறியதன்று.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் நம் வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றது. நடைமுறைப் பிழையாயின், அது முடிவைப் பாதித்ததென மெய்ப்பிக்க வேண்டும். வேட்பாளரே செய்த ஊழல் முறையாயின், அதனைச் செய்தார் என்பதே போதும். எத்தனை வாக்கு கிடைத்தது என்ற கேள்வி எழாது. இவ்வேறுபாட்டின் நியாயத்தை அரசுப் பணியிலிருக்கும் நம்மனோர் எளிதில் உணர்வோம். நம் மேசைமேலுள்ள கோப்பும் அலுவலக வண்டியும் நம் ஊதியமும் எல்லாரும் செலுத்திய வரியால் வந்தவை. அவற்றை ஒருவர் தம் வெற்றிக்குப் பயன்படுத்தும்போது, எதிர்த்து நிற்பவரின் பணமே அவருக்கு எதிராக வேலை செய்கின்றது. அதனால் ஒரு வாக்கும் கூடாமற் போகலாம். சமத்துவம் குலைந்தது குலைந்ததே. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிய வணிகன், அன்று சரக்கைச் சரியாகவே கொடுத்தேன் என்றால் நாம் ஏற்போமா?

மேலும், முடிவு மாறாது என்பது வாக்குகளை எண்ணியபின் தெரிவது. தவறிழைப்பதோ அதற்கு முன்னர். 2008-இல் இராஜஸ்தானின் நாத்துவாராத் தொகுதியில் ஒருவர் 62,216 வாக்குகள் பெற்று வென்றார், தோற்ற சி.பி. ஜோஷி பெற்றவை 62,215. ஒரு கள்ள வாக்கால் என்ன கேடு என்பார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

தோற்றவர்க்கும் அறம் உண்டு. சான்றின்றி மோசடி எனக் கூவுவதும் மக்களின் நம்பிக்கையைத் திருடுவதேயாகும். ஆகவேதான் ஊழல் குற்றச்சாட்டுக்குக் குற்ற வழக்கினை ஒத்த வலுவான சான்றினை நீதிமன்றங்கள் கேட்கின்றன. கேரளத்தின் பரவூரில் 1982-இல் 50 சாவடிகளில் இயந்திரத்தால் வாக்குப்பதிவு நடந்தது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தோற்றவர் வழக்காடினார். 1984-இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்று அச்சாவடிகளில் மறு வாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. முடிவும் மாறியது. ஐயத்தை வீதியில் வளர்க்காமல் மன்றத்தில் தீர்த்துக்கொள்வதே நெறி.

திருவள்ளுவர் வினைத்தூய்மையை முன்வைத்து, வினைத்திட்பத்தை அதன் பின்னரே வைத்தார். செய்து முடிக்கும் ஆற்றலினும் செய்யும் முறையின் தூய்மை முந்தியது என்பதே அவ்வைப்புமுறையில் நாம் காணும் பொருள். வாக்கைப் பெறுவோர், அளிப்போர், எண்ணுவோர் ஆகிய மூவரும் விரல்களை அகல விரித்துக் காட்ட வல்லவராயின், வென்றவர்க்கு மதிப்பும் தோற்றவர்க்கு ஆறுதலும் ஒருங்கே கிட்டும். அதுவே மக்களாட்சியின் வெற்றியாகும்.