அறுத்துப் பார்த்த நூல்

திருவண்ணாமலை கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்ணின் விரல்களைக் கவனியுங்கள். நனைத்த வாழைநாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. தளர்ந்தால் பூ உதிரும். இறுகினால் காம்பு அறுபடும்.

தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பூச்சி போல ஒரு பொய் ‘ஈ’யைக் கட்டி மீனை ஏமாற்றுகிறவர்களுக்கும் இதே சங்கடம்தான். சீமைக் கலை என்று ஒதுக்கிவிட முடியாது. சால்மன் மீனுக்கான ‘ஜாக் ஸ்காட்’ என்ற பழைய ஈயின் பக்கவாட்டில் மின்னும் புள்ளி, நம் காட்டுச் சேவலின் கழுத்திறகு! இன்று அந்தப் பறவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. நல்லது.

இந்த இறுக்கத்தில் கை தேற ஒரு வழி, நூலை வேண்டுமென்றே அறுத்துப் பார்ப்பது. எந்த இழுப்பில் அறுகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால், அதற்குச் சற்று முன்னால் நிறுத்தலாம். அந்த இழுப்பில் நாலு சுற்றே போதும். பயந்தவர்தான் பத்துச் சுற்று சுற்றி ஈயைத் தடிக்க வைப்பார். இன்னொன்று, முள்ளின் காதருகே கொஞ்சம் வெற்றிடம் விடவேண்டும். அவசரக்காரர் அதையும் இறகால் அடைத்துவிடுவார். பிறகு கடைசி முடிச்சுக்கு இடமிருக்காது, தூண்டிலின் தங்கூசி நரம்பும் நுழையாது.

தினம் ஒரு புது மாதிரிக்குத் தாவாமல் ஒரே ஈயை ஒரு டஜன் கட்டி, முதலாவதையும் கடைசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோணலானதைப் பிளேடால் வழித்தெடுத்துவிட்டால், அதே முள்ளில் மறுபடி கட்டலாம்.