சுத்தமான சாவு யாருடைய கணக்கு?

இங்கிலாந்தின் வயலோரங்களில் முயல்கள் வளையை விட்டு மேய வருவது பெரும்பாலும் அந்தியில். காற்றுத் துப்பாக்கியும் நாயுமாக வேட்டைக்குப் போகிறவர்களும் அந்த நேரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். நாய் புதரிலிருந்து முயலைக் கிளப்பும். சுட்டு விழுந்ததைக் கவ்வி வரும். பயிரைக் காக்க வேண்டிய விவசாயி அவர்களை வரவேற்கிறார். சட்டமும் தடுப்பதில்லை. காட்டுப் பாலூட்டிகளை நாய்விட்டு வேட்டையாடுவதைத் தடைசெய்த 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், நில உரிமையாளரின் அனுமதி இருந்தால் முயலுக்கும் எலிக்கும் அந்தத் தடை பொருந்தாது என்றது.

சட்டம் ஒதுங்கிக்கொண்ட இடத்தில் வேட்டைக்காரர்கள் தங்களுக்கென்று ஓர் அறத்தை வைத்திருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய காற்றுத் துப்பாக்கியின் விசை அங்கே 12 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது. ஆகவே அருகே போக வேண்டும், தலையில் சுட வேண்டும். நிச்சயமில்லாவிட்டால் விசையை அழுத்தக் கூடாது. காயம்பட்டதைத் தவிக்க விடக் கூடாது. கொன்றதைத் தின்ன வேண்டும். இதன் பெயர் ‘சுத்தமான சாவு’. பிளாஸ்டிக் பையில் கறி வாங்கிவரும் நாம் இந்த அறத்தை எளிதாக இகழ்ந்துவிட முடியாது. தான் தின்னும் உயிரின் கண்ணைப் பார்த்தவர் அவர், நாம் பார்த்ததில்லை.

ஆனால் இந்தக் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

நம் ஊர்க் காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்களோடும் வெட்டவெளியிலேயே பிறக்கின்றன. இங்கிலாந்தின் முயல் வேறு இனம். பெட்டை மண்ணைத் தோண்டி, புல்லையும் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிய ரோமத்தையும் பரப்பி, கண் திறக்காத, ரோமமில்லாத குட்டிகளை ஈனுகிறது. வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டுப் போகிறது. பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு மறுபடி மூடிவிடும். அந்தப் பெட்டை அந்தியில் சுடப்பட்டால், அது வலியில்லாமல் செத்திருக்கலாம். மூடிய மண்ணுக்கு அடியில் குட்டிகளின் சாவு அப்படி இருக்காது. பசியில், குளிரில், மெதுவாக நடக்கும். அதை எந்த நாயும் கவ்வி வருவதில்லை.

1990இல் வெளிவந்த நூலில் கரோல் ஜே. ஆடம்ஸ், ‘இறைச்சி’ என்ற சொல்லுக்குப் பின்னால் விலங்கு காணாமல்போவதைச் சுட்டினார். இங்கே இன்னொரு காணாமல்போதலும் இருக்கிறது: சுடப்படாமலே, தின்னப்படாமலே செத்த உயிர்கள். செயலை மட்டும் எண்ணி, அந்தச் செயல் அறுத்த உறவை எண்ணாத கணக்கு நமக்குப் புதிதல்ல. கூலிக் கணக்கில் அந்தக் கூலியாளுக்குச் சோறாக்கிய கை இல்லை. போரில் செத்தவர்களின் பட்டியலில், சோறு கொண்டுவர ஆளில்லாமல் செத்த கிழவி இல்லை. பார்க்கிறவரின் கண் எட்டும் தூரமே அறத்தின் எல்லையாகிவிடுகிறது.

“அந்தி வெளிச்சத்தில் பெட்டை எது, கடுவன் எது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முப்பது மீட்டருக்கு அப்பால் தெரியாதுதான். ஆனால் முயல்கள் அங்கே பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை குட்டி போடும் என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு. முயலைக் கிழித்துச் சுத்தம் செய்யும் கைக்கு மடியில் பால் இருப்பது தெரிந்துவிடும். உண்மை துப்பாக்கியின் குறிமுனைக்குத் தெரியாமல், கத்தி பிடித்த கைக்குத் தெரிகிறது. பல வீடுகளில் இந்த இரண்டும் ஒரே ஆளின் கையாக இருப்பதில்லை. வேட்டையின் பேச்சில் குறிமுனை பேசுகிறது, கத்தி பேசுவதில்லை.

பெண்கள் இயல்பிலேயே கருணையுள்ளவர்கள், ஆகவே கொல்லமாட்டார்கள் என்று இதை முடித்துவிடக் கூடாது. பிலிப்பைன்ஸின் அக்டா இனப் பெண்கள் நாய்களோடும் வில் அம்போடும் காட்டுப்பன்றியை வேட்டையாடியதை மானிடவியலாளர்கள் 1980களில் எழுதியிருக்கிறார்கள். விசையில் விரல் வைப்பது ஆணா பெண்ணா என்பதல்ல இங்கே பிரச்சினை. வேட்டையாடுகிற பெண்ணும் கண் எட்டியதை மட்டும் எண்ணினால் அதே கணக்கைத்தான் எழுதுகிறாள்.

அப்படியானால் பயிரை முயல் தின்னட்டும் என்று விடுவதா? அதுவும் ஒருவரின் பிழைப்பு. அதைக் கணக்கிலிருந்து அழிப்பதும் அநீதியே. அக்கறையின் அறம் இந்த இடத்தில் எளிய தீர்ப்பு எதையும் தருவதில்லை. அது இரண்டைக் கேட்கிறது. தேவையில்லாத மாதங்களில், பொழுதுபோக்குக்காக, இந்தச் சாவைக் கூட்டாதே. தேவையிருந்து கொன்றால், மண்ணுக்கு அடியில் இருப்பதையும் எண்ணு; எண்ணிய பிறகு ‘சுத்தம்’ என்ற சொல்லைக் கைவிடு. அந்தச் சொல் முயலுக்கு எதையும் செய்வதில்லை. சுட்டவருக்கு மட்டுமே நிம்மதி தருகிறது. கொன்றவருக்கு அந்த நிம்மதி கிடைக்காமல் போவது, செத்தவற்றுக்கு நாம் கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த மரியாதை.