கடனும் மிச்சமும்

செய்ய வேண்டிய கடமைக்கும் வாங்கிய பணத்துக்கும் தமிழில் ஒரே வார்த்தைதான்: கடன். நீத்தார் கடன் என்கிறோம், வங்கிக் கடன் என்கிறோம். இறந்தவருக்குச் செய்வதைத் திருப்பிச் செலுத்துவதாகவே எண்ணிப் பழகிய மனம் நம்முடையது. மிதாக்ஷர வழிவந்த இந்துச் சட்டமும் இதை வெளிப்படையாகச் சொன்னது: ஒழுக்கக்கேடான காரியங்களுக்கென்று வாங்கியது தவிர, தகப்பனின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை. 2005-ம் ஆண்டுத் திருத்தம், அதன்பின் வாங்கப்படும் கடன்களைப் பொறுத்தவரை, இந்தக் கடமையை மட்டும் காரணம் காட்டி மகனிடம் வசூலிக்க முடியாது என்று ஆக்கிவிட்டது.

சட்டம் கைவிட்டதை மனம் கைவிடவில்லை. அதிலும், கொடுத்தவர் யாரென்றே தெரியாத கடன் ஒன்று உண்டு. தகப்பன் தொடங்கி, முடிக்காமல் விட்டுப்போன வேலை.

பழைய மோட்டார் சைக்கிள்களைச் சேர்த்தவர்களின் பிள்ளைகளிடம் இந்தப் பிரச்னை ஸ்தூலமாகவே வந்து நிற்கிறது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த என் தகப்பனார் விட்டுப்போனவை ஐந்து. ஓடுபவை ஒரு புல்லட்டும் ஒரு யெஸ்டியும். ஓடாதவை, எஞ்சின் பிரித்துக் கிடக்கும் ஒரு ஜாவா, சக்கரமில்லாத இன்னொரு ஜாவா, வெறும் சட்டம் மட்டுமான ஒரு ராஜ்தூத். பிஸ்டன் ரிங்குகளும் கார்புரேட்டர் ஜெட்டுகளும் பிஸ்கட் டின்களில். ஷெட்டுக்கு மாத வாடகை அம்மாவின் பென்ஷனிலிருந்து போகிறது. உறவினர்களில் ஒரு சாரார் விற்றுவிடு என்கிறார்கள். இன்னொரு சாரார், அப்பா ஆசையை முடித்துவை என்கிறார்கள். இரண்டாமவர்கள் தர்மத்தின் பக்கம் தாங்கள் நிற்பதாக நம்புகிறார்கள். எனக்கு அது அவ்வளவு நிச்சயமாகப் படவில்லை.

முதலாவது, என் தங்கையிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. தகப்பனின் வண்டிகளில் அவளுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் சம பங்கு. மேலே சொன்ன அதே 2005 திருத்தம்தான் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளை மகனுக்குச் சமமாக்கியது. பங்கில் சமமானவள் ஆசையில் மட்டும் ஏன் வாரிசாகவில்லை? ஆக, இங்கே தார்மிகம் என்று பேசப்படுவதில் பாதி, வம்சம் பற்றிய பெருமைதான்.

இரண்டாவது, வண்டி சொத்து, திட்டம் சொத்தல்ல. வண்டிக்குரியவர் இறந்ததை 30 நாளுக்குள் தெரிவித்து, 3 மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்தால் வண்டி நம்முடையது. பிரித்த எஞ்சினை அடுத்து என்ன செய்ய நினைத்தார் என்பதற்கு அப்படியொரு படிவம் இல்லை. புல்லட்டை உதைக்கும் வித்தையையே எடுத்துக்கொள்வோம். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் இறக்கி, பிறகுதான் ஓங்கி உதைக்க வேண்டும். இதை வார்த்தையில் சொல்லிவிடலாம். எந்த இடத்தில் அழுத்தம் இளகுகிறது என்பது காலுக்குத்தான் தெரியும். அந்தக் காலை எரித்துவிட்டோம்.

தொடர்வது என்றால் என்ன என்பதற்கு அந்தப் புல்லட்டின் சரித்திரமே உதாரணம். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த வண்டி அது. 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை வந்தது. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது, 1970-ல் பிரிட்டனில் உற்பத்தியே நின்றது. தகப்பன் இறந்த பிறகும் மகன் அதே வண்டியைச் செய்துகொண்டிருந்தான். 1977-ல் தகப்பனின் தேசத்துக்கே அதை ஏற்றுமதியும் செய்தான். இதைப் பிதுர்பக்தி என்று யாராவது சொல்வார்களா? வாங்கி ஓட்ட இங்கே ஆள் இருந்தார்கள், அதனால் செய்தார்கள். தொடர்வதை நியாயப்படுத்துவது இருப்பவர்களின் தேவை. போனவரின் ஆசை அதற்குப் போதாது.

முடிக்க வேண்டாம், பாதுகாத்து வைக்கலாமே என்று மூன்றாவது யோசனையும் வருகிறது. 2021-ல் வந்த விதிகளின்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட, மூல உருவம் மாறாத வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடம் ஓட்டக்கூடாது. மைசூர் ஆலையில் 1961 முதல் ஜாவாவும் 1973 முதல் யெஸ்டியும் வந்தன. 1996-ல் அந்த ஆலையும் மூடப்பட்டது. என் தகப்பனாரின் ஜாவாவில் பாதி யெஸ்டி. கிடைக்காத புஷ்ஷைப் பித்தளையில் அவரே கடைந்து போட்டிருக்கிறார். மூல உருவத்துக்குத் திருப்புவதென்றால் முதலில் கழற்றி எறிய வேண்டியது அந்தப் புஷ்ஷை. ஆலைக்கு மரியாதை செய்து, அவரை அழிப்பதாகத்தான் அது முடியும்.

இதெல்லாம் விற்பதற்கு நாசூக்காகத் தேடிய சமாதானம் என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் முடிக்காமல் விட்டதைக் குறை என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டுதான் அவரும் பேசுகிறார். பணிமனையில் ஒவ்வொரு எஞ்சினும் குறித்த தேதியில் வெளியே போயாக வேண்டும். முப்பது வருஷம் அப்படி உழைத்தவர், வீட்டில் தேதியில்லாத ஒரு வேலையை வைத்துக்கொண்டார். ஜாவாவைப் பொருத்திவிட்டு மறு வாரம் பிரித்ததும் உண்டு. அவருக்கு வேண்டியிருந்தது ஓடும் ஜாவா அல்ல, திறந்து கிடக்கும் ஜாவா என்று நினைக்க இடமிருக்கிறது. அப்படியானால் அதை முடித்துவைப்பது அவரைத் திருத்துவதாகும். அந்த உரிமையை எனக்கு யாரும் எழுதிவைக்கவில்லை.

வங்கிக் கவுண்டரில் தினமும் சொல்ல வேண்டியிருக்கும் ஒரு விஷயம்: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், அதனால் மட்டும் அவர் சொந்தக்காரராகிவிட மாட்டார். உச்ச நீதிமன்றம் 2010-ல் இதை உறுதிப்படுத்தியது. உரியவர்களுக்காக அவர் அதைக் கையில் வைத்திருக்கிறார், அவ்வளவே. தகப்பனின் பொருள்கள் விஷயத்தில் மகனின் நிலையும் இதுதான் என்று தோன்றுகிறது. டின்களில் உள்ளதைக் கலக்காமல், எது எந்த எஞ்சினுடையது என்று தெரிந்தவரை எழுதி ஒட்டி, பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவனிடம் கொடுப்பது. பித்தளைப் புஷ் யார் கடைந்தது என்பதையும் சொல்லிக் கொடுப்பது. வரும் பணத்தை மூன்றாகப் பிரிப்பது. புல்லட்டை நான் வைத்துக்கொள்ளப்போகிறேன், அதன் விலையில் மற்ற இருவரின் பங்கைக் கொடுத்துவிட்டு. ஓட்டப் பிடித்திருக்கிறது என்பதுதான் காரணம்.

கடனென்றால் தீர்த்துக் கணக்கை முடித்துவிடலாம். அவர் விட்டுப்போனது மிச்சம். அதைத் தீர்க்க முடியாது; அடுத்த கைக்குப் போகும்வரை கெடாமல் பார்த்துக்கொள்ளலாம்.