பகைக்கும் ஒரு பங்கு

ஐதராபாத்தில் வாழும் நமக்கு வாரங்கல் பருத்திச் சந்தை அயலன்று. 2002-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி, மண்வாழ் நுண்ணுயிரின் நச்சுப் புரதத்தால் காய்ப்புழுவை மாய்த்தது. 2006-இல் இரண்டாம் புரதமும் சேர்ந்தது. ஆயினும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இரண்டையும் வென்றது.

வயலோரம் ஐந்து வரிசையேனும் சாதாரணப் பருத்தி இடுக என்பது முன்பிருந்த விதி. அங்குப் பிழைக்கும் புழுக்கள் அந்துப்பூச்சிகளாகி, எதிர்ப்பாற்றல் பெற்றவற்றோடு இணையும். அவ்வாற்றல் பரவுதல் தாமதமாகும். பலர் அப்பங்கை விடவில்லை. உழவரைப் பழிப்பது எளிது. கடன்பட்டவர்க்கு ஒவ்வொரு வரிசையும் சோறன்றோ?

புழு வெல்ல இயலாத புரதங்களை அறிஞர் ஆய்வுக்கூடங்களில் வடிக்கின்றனர். அவையும் ஒருநாள் தோற்கலாம். பகைக்கும் பங்கு விடும் அடக்கமே அவற்றின் ஆயுள். அந்த இழப்பை ஏழை உழவர் தலையில் மட்டும் ஏற்றாது, பருத்தி உடுத்தும் நாமனைவரும் பகிர்தலே அறம்.