காதைத் தொட்டுப் பாருங்கள்

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்ணின் தலையில் புல்லுக்கட்டு இருந்தால், லயத்துக்குப் பின்னால் ஒரு பசு காத்திருக்கிறது என்று பொருள். அந்தப் பசு கன்று போட்ட மறுநாள் எழும்பாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடந்தால், "அசதியில படுத்திருக்கு" என்று விட்டுவிடுகிறோம். காதைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து மாட்டின் காது சூடாக இருக்க, இதன் காது மட்டும் சில்லிட்டிருந்தால் அது அசதியாக இருக்காது.

அது பால் காய்ச்சலாக இருக்கலாம். அதில் இரத்தத்தின் கல்சியம் குறைந்து இதயத்துடிப்பு வலுவிழக்கிறது. மிருக வைத்தியர் கல்சியத்தை இரத்த நாளத்தில் மெதுவாக ஏற்றுவார். அவசரப்பட்டால் இதயமே நின்றுவிடலாம். வைத்தியர் வரும்வரை பசுவின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

பால் காய்ச்சலில் மட்டுமல்ல, உதிரப்போக்கு, கடுங்கழிச்சல், விபத்து எதனாலும் இரத்த ஓட்டம் குலையலாம். அப்போது பெரும்பாலும் உடம்பு தோல், காது, கால், குடல் ஆகியவற்றுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, இதயத்துக்கும் மூளைக்கும் அனுப்புகிறது. அதனால் தொடக்கத்தில் இரத்த அழுத்தம்கூடச் சரியாகவே காட்டும். நாயின் ஈறை விரலால் அழுத்தி எடுங்கள்: வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதித்தால் போர்த்திக் கதகதப்பாக வைத்து, உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் சேலைனைக் கால் மணி நேரத்தில் ஏற்றி, ஈறையும் நாடியையும் மறுபடி பார்ப்பார். பார்த்துப் பார்த்து ஏற்றுவதுதான் வைத்தியம்.

2020 மே 26 அன்று லக்‌ஷபான தோட்டத்தில் கம்பிப் பொறியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டார்கள். மலையே மகிழ்ந்தது. 29ஆம் திகதி உடவளவையில் சிகிச்சையில் இருந்தபோதே அது இறந்தது. கம்பியை அறுத்ததும் காயம் முடிந்துவிடுவதில்லை. உயிரோடு இருப்பதைப் பிழைத்துவிட்டதாக எண்ண நாம் எப்போதும் அவசரப்படுகிறோம்.

தாங்கும் உடம்பு கடன் வாங்கித்தான் தாங்குகிறது. ஓரங்களைப் பட்டினி போட்டு நடுவைக் காக்கிறது. ஆகவே நடுவில் விசாரித்தால் "நலம்" என்றே பதில் வரும். தலைமுறை தலைமுறையாக "பழகிப்போச்சு" என்று சொல்லி உழைத்த இந்த மலைநாட்டுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. முனகாத உயிருக்கு வலியில்லை என்பது பார்ப்பவரின் வசதிக்கான முடிவு. மாடோ மனிதரோ, நலத்தை ஓரத்தில் தொட்டுத்தான் அறிய வேண்டும். அதுவும் தாங்கும் சக்தி தீருமுன்னே.