பொறுமையும் மௌனமும்

துன்பம் வரும்போது பொறுமை கொள்ளுமாறு பெரியோர் நமக்குக் கற்பித்துள்ளனர். 'சபூர் செய்' என்னும் சொல்லைக் கேளாது வளர்ந்த குழந்தை நம் இல்லங்களில் இல்லை. பொறுமை உயர்ந்த பண்பு என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயினும், ஒரு நாடு சிறுகச் சிறுகச் சீரழியும்போது அதில் வாழும் மனிதன் எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது என்னும் வினா எளிதானதன்று. அதனைக் கற்பனையில் வைத்து ஆராய்வதினும், மெய்யாகவே அதற்கு விடை தேட வேண்டியிருந்த ஒரு மக்களின் வரலாற்றில் வைத்து ஆராய்வதே நலம். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி அத்தகைய நாடு. அதன் மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நம்மைப் போலவே பொறுமையின் சிறப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

1958ஆம் ஆண்டில் பிரான்சின் தலைவர் டிகால் தம் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் முன் இரு வழிகளை வைத்தார். பிரான்சுடன் இணைந்த ஒரு கூட்டமைப்பில் இருக்கலாம்; அன்றேல் உடனே பிரிந்து போகலாம். செப்டம்பர் 28ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில், கூட்டமைப்பு வேண்டாம் என்று துணிந்து சொன்ன நாடு கினி ஒன்றுதான். வாக்களித்தோரில் 100க்கு 95 பேர் அவ்வாறு சொன்னார்கள். அடிமைத்தனத்தில் கிடைக்கும் செல்வத்தைவிட விடுதலையில் வரும் வறுமையே மேல் என்று அவர்களின் தலைவர் செக்கூ தூரே முழங்கியிருந்தார். அக்டோபர் 2ஆம் நாள் விடுதலை பிறந்தது. சினங்கொண்ட பிரான்சு தன் அதிகாரிகளையும் ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டது. அலுவலகக் கோப்புகளும் கருவிகளும்கூட அகற்றப்பட்டன. வெறுங்கையுடன் தொடங்கிய அந்நாட்டை ஆப்பிரிக்கா முழுவதும் வியந்து நோக்கியது.

இத்தகைய பெருமையிலிருந்துதான் அந்த வீழ்ச்சி முளைத்தது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். செக்கூ தூரே அயலார் கொண்டுவந்து அமர்த்திய பொம்மை அல்லர். தொழிற்சங்கத்தில் வளர்ந்து, 1953ஆம் ஆண்டின் நெடிய வேலைநிறுத்தத்தை நடத்தி, மக்கள் அன்பால் உயர்ந்தவர். வெளிப்பகை என்று அவர் சொன்னதும் முழுப் பொய்யன்று. 1970ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் போர்ச்சுகீசியர் நடத்திய படையெடுப்பு தலைநகர் கோனாக்ரியிலேயே வந்து இறங்கியது.

ஆனால், உண்மையான பகையைக் காட்டி உண்மையான குறைகளை மறைப்பது ஆட்சியாளருக்கு எளிதாயிற்று. விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகளில், 1961இல், ஊதியக் குறையை எடுத்துச் சொன்ன ஆசிரியர் சங்கத் தலைவர்கள் சதிகாரர் எனச் சிறையிடப்பட்டனர். பகைவன் வாசலில் நிற்கும்போது வீட்டுக் குறையைப் பேசலாமா என்று நல்லவர்களும் எண்ணியிருக்கக்கூடும். அந்த எண்ணத்தில் நாட்டுப்பற்றும் இருந்திருக்கும். எனினும், முதல் அநீதிக்கு ஒருமுறை வாய்மூடியவனுக்கு இரண்டாம் அநீதியின்போது வாய் திறப்பது இருமடங்கு கடினமாகிறது. அப்போது அவன் ஆட்சியை மட்டுமன்றித் தன் முந்தைய மௌனத்தையும் எதிர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் சதி மேல் சதி கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிப்புகள் வந்தன. 1971 ஜனவரியில், மந்திரி பதவி வகித்தவர்கள் உட்படச் சிலர் கோனாக்ரியின் பாலமொன்றில் மக்கள் காணத் தூக்கிலிடப்பட்டனர். பொய்ரோ முகாம் என்னும் சிறையில் வதைக்கப்பட்டோரின் 'ஒப்புதல் வாக்குமூலங்கள்' வானொலியில் ஒலித்தன. கத்தோலிக்கப் பேராயர் சிதிம்போ ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கிடந்தார். பல லட்சம் மக்கள் அண்டை நாடுகளுக்குப் பெயர்ந்தனர்.

இவர்களுள் ஒருவரின் முடிவு நம் சிந்தனைக்கு உரியது. புபக்கர் தியாலோ தெல்லி சட்டம் பயின்ற அறிஞர். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளராக 1964 முதல் 1972 வரை விளங்கியவர். அப்பதவி முடிந்ததும் நாடு திரும்பி நீதித்துறை அமைச்சரானார். பொய்ரோவில் மனிதர்கள் விசாரணையின்றி அடைபட்டிருந்த காலத்தில்தான் அவர் அப்பதவியில் இருந்தார். 1976 ஜூலையில் அவரையே சதிகாரர் என்று பிடித்து அதே முகாமில் அடைத்தனர். 1977ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உணவும் நீரும் மறுக்கப்பட்டு அங்கேயே அவர் மாண்டார். ஆப்பிரிக்கா முழுமைக்கும் குரல் கொடுத்தவருக்காக அவருடைய சொந்த நாட்டில் குரல் கொடுக்க எவரும் எஞ்சியிருக்கவில்லை. அவரைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. பிறருக்கு மறுக்கப்படும் நீதி தனக்கு மட்டும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் என்று நம்புவது எத்துணைப் பேதைமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கேதான் பொறுமைக்கும் மௌனத்திற்கும் உள்ள வேற்றுமை விளங்குகிறது. என் பசியை நான் தாங்குவது பொறுமை. அடுத்த வீட்டானின் பசியை நான் தாங்கிக்கொள்வது பொறுமையாகாது. ஏனெனில் அதைத் தாங்குபவன் நானல்லன், அவன்தான். நான் தாங்குவது என் மனச்சான்றின் உறுத்தலை மட்டுமே; நாளடைவில் அதுவும் மரத்துப் போகிறது. 'யாருடைய துன்பத்தை நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்?' என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொண்டால், சபூரின் ஆடையை அணிந்து வரும் கோழைத்தனம் எளிதில் அடையாளம் தெரிந்துவிடும்.

அப்படியானால் எல்லோரும் தூக்குமேடைக்குத் துணிய வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனைவி மக்களைக் காக்கும் கடமையும் கடமைதான். பாதுகாப்பான தொலைவில் அமர்ந்துகொண்டு பிறரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது அறமன்று. ஆனால், பேச இயலாமை வேறு, துணை போதல் வேறு. உண்மையை உரக்கச் சொல்ல முடியாதவனும் பொய்க்குக் கைதட்டாமல் இருக்கலாம். அண்டை வீட்டானைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கலாம். சிறைப்பட்டவன் பிள்ளைக்கு ஒரு கவளம் சோறு ஊட்டலாம். அச்சம் மன்னிக்கத்தக்கது. அச்சத்தையே அறமென்று பெயரிட்டுப் பிள்ளைகளுக்குப் போதிப்பதுதான் மன்னிக்கத்தகாதது.

கினியில் அந்த நீண்ட மௌனத்தை இறுதியில் கலைத்தவர்கள் அறிஞர்கள் அல்லர். சந்தையில் காய்கறி விற்ற பெண்கள். 1953ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் குடும்பங்களுக்கு உணவளித்துச் செக்கூ தூரேயைத் தாங்கி நின்ற பெண்குலம் அது. தனியார் வணிகம் தடை செய்யப்பட்டு, பொருளாதாரக் காவலர் என்போர் கூடைகளைப் பறிக்கத் தொடங்கியபோது, 1977 ஆகஸ்ட் 27ஆம் நாள் கோனாக்ரியின் சந்தையிலிருந்து அப்பெண்கள் அதிபர் மாளிகை நோக்கித் திரண்டனர். வேறு ஊர்களுக்கும் கிளர்ச்சி பரவியது. துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் போயின. மறுநாள் தம்மிடம் பேச வந்த தலைவரை அவர்கள் கூச்சலிட்டுப் பேசவொட்டாமல் செய்தனர். அவர்கள் கேட்டது தத்துவமன்று. பிழைக்க வழியும் பிள்ளைகளுக்குச் சோறும்தான். எவருக்கும் இணங்காத அந்த ஆட்சி அவர்களுக்கு இணங்கிற்று. பொருளாதாரக் காவல் கலைக்கப்பட்டது. சிறு வணிகம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

1984 மார்ச்சில் செக்கூ தூரே மறைந்தார். சில நாட்களில் இராணுவம் ஆட்சியைப் பற்றியது. பொய்ரோவின் கதவுகள் திறந்தன. ஆனால் சீரழிவின் வேர் ஒருவரோடு மடிந்துவிடவில்லை. விடுதலை வாக்கெடுப்பு நடந்த செப்டம்பர் 28ஆம் நாளின் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கில், 2009ஆம் ஆண்டின் அதே நாளில், மக்களாட்சி கோரித் திரண்டவர்களுள் 150க்கும் மேற்பட்டோரைப் படையினர் கொன்றனர். அன்றைய இராணுவத் தலைவருக்கு 2024இல் நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2025இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

விடுதலை ஒருநாள் வாக்கெடுப்பில் கிடைத்துவிடலாம். அதனைக் காப்பதோ, அயலான் வீட்டுக் கதவு நள்ளிரவில் தட்டப்படும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. நமக்கு வரும் துன்பத்தில் பொறுமை காப்போம். பிறருக்கு இழைக்கப்படும் அநீதியில் நம் மௌனத்திற்குப் பொறுமை என்று பெயர் சூட்டாதிருப்போம்.